ஒன்றும் நடக்காததை உட்கார்ந்து பார்ப்பது
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுதலில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேச்சில் இருந்த இருமல்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே தந்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும், என்னைவிட வயதில் மிக இளைய பேராசிரியர்களே, கூடப் படித்த நண்பர்களே, அந்த நண்பர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் மனைவி மக்களே, பேரன் பேத்திகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சங்கச் செயலாளர் போன வாரம் போன் பண்ணினார். "சார், நீங்க பத்து நிமிஷம் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம். ஆனா கொஞ்சம் விறுவிறுப்பா இருக்கட்டும்" என்றார். எண்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவனிடம் விறுவிறுப்பு கேட்கிறாரே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தத் தலைப்பு. ஒன்றுமே நடக்காததை, அல்லது நடந்தாலும் நடக்கிறது என்று தெரியாததை, மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?

இதைக் கேலியாக நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு என்பது எனக்குத் தெரியும். மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸில் தகரத் தடுப்பு வைத்தார்கள் அல்லவா? அந்தத் தகரத்தில் இரண்டு தகடு சேரும் இடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. காலை நடை போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எப்படிப் பார்த்தேன் என்றால், நானும் பின்னால் வரிசையில் நின்றேன். உள்ளே என்ன தெரியும்? ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவர், இன்னொரு ஹெல்மெட்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு கிரேன் நிற்கும். மறுநாள் போனால் அதே கிரேன் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். "நேத்திக்கு இப்படி இல்லையே" என்பார் ஒருவர். அன்றைக்கு அதுதான் செய்தி. திருப்தியாக வீட்டுக்குப் போய்க் காபி சாப்பிடுவோம்.

2019இல் ஜேசிபி இயந்திரம் மண் தோண்டுவதைக் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நாடு பூராவும் பிள்ளைகள் சிரித்தார்கள். என் பேரனும் சிரித்தான். டேய், உன் தாத்தா தலைமுறை எதையெல்லாம் பார்த்தது என்று உனக்குத் தெரியாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. தெருவில் டி.வி. இருந்த ஒரே வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்போம். நிகழ்ச்சி நடுவில் படம் போய்விடும். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு அட்டை வரும். யாராவது எழுந்து போனார்களா? மாட்டார்கள். முப்பது பேரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஜேசிபியாவது நகரும்.

இதெல்லாம் வேறு வேலை இல்லாத நம்மூர்க்காரர்கள் பழக்கம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. நார்வே நாட்டு அரசுத் தொலைக்காட்சி 2009இல் ஒரு காரியம் பண்ணியது. பெர்கன் என்ற ஊரிலிருந்து தலைநகர் ஆஸ்லோவுக்குப் போகும் ரயிலில் காமிராவைக் கட்டி, ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் பயணம் முழுவதையும் ஒரு நிமிஷம் கூட வெட்டாமல் ஒளிபரப்பியது. தண்டவாளம், பனி, சுரங்கம், மறுபடி தண்டவாளம். பத்து லட்சம் பேருக்கு மேல் அதில் கொஞ்சமாவது பார்த்தார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையே ஐம்பது லட்சம்தான். அந்த தைரியத்தில் 2011இல் ஒரு கப்பல் பயணத்தை 134 மணி நேரம் காட்டினார்கள். 2013இல் விறகைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்க நிகழ்ச்சி. அதில் எட்டு மணி நேரம் அடுப்பில் விறகு எரிவதுதான் காட்சி. இதில் வேடிக்கை, விறகை அடுக்கும்போது பட்டை மேல் பக்கம் இருக்கவேண்டுமா, கீழ்ப்பக்கம் இருக்கவேண்டுமா என்று பார்த்தவர்களுக்குள் சண்டை வந்து, இரண்டு கட்சியும் புகார் அனுப்பினார்களாம். படித்தபோது எனக்கு நம்ம வடக்கு மாட வீதி ஞாபகம்தான் வந்தது. தேர் வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எந்தக் கோணத்தில் கொடுக்கவேண்டும் என்று, ஜன்மத்தில் ஒரு முட்டுக்கட்டையைத் தொட்டறியாத நாலு பேர் திண்ணையில் நின்றுகொண்டு சண்டை போடுவார்கள்.

நிற்க. என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பி.எஸ்ஸி. முதல் வருஷம். இந்தியா-இங்கிலாந்து முதல் டெஸ்ட். அப்போது டெஸ்ட் மேட்ச் சேப்பாக்கத்தில் கிடையாது. மூர் மார்க்கெட் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். லஸ் முனையில் பஸ் ஏறி நானும், என் பக்கத்து பெஞ்ச் நண்பனும் போனோம். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நம் வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் நாள் போயிருந்தால் குந்தரன் வெளுத்து வாங்கியதைப் பார்த்திருக்கலாம். ஒரே நாளில் 170 ரன். மறுநாள் 192க்கு அவுட் ஆனார். எங்களுக்கு டிக்கெட் கிடைத்ததோ மூன்றாம் நாளுக்கு. இங்கிலாந்து ஆட்டம். போலஸும் பாரிங்டனும் ஆடுகிறார்கள். பந்து போடுகிறவர் பாபு நட்கர்னி. இடது கை, இரண்டு மூன்று எட்டு வைத்து வருவார், போடுவார். பாட்ஸ்மன் காலை முன்னே வைத்துத் தடுப்பார். பந்து மெதுவாக உருண்டு அவரிடமே திரும்பிப் போகும். எடுத்துக்கொண்டு மறுபடி வருவார். பயிற்சியின்போது ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து அதன் மேலேயே பந்தை விழவைத்துப் பழகுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அன்றைக்கு நாணயம் தேவைப்படவில்லை.

ஒரு ஓவர் மெய்டன். அடுத்ததும் மெய்டன். ஐந்தாறு ஆனதும் எங்கள் பக்கத்துக் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "ஐயா, வீட்டுக்குப் போகணும்யா!" என்று ஒருவர் பாரிங்டனைத் தமிழில் கெஞ்சினார். பத்துக்கு மேல் போனதும் கத்தல் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த விசித்திரம் நடந்தது. ரன் வரவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த அதே ஆட்கள், ரன் வந்துவிடக் கூடாதே என்று பயப்பட ஆரம்பித்தார்கள். பந்து மட்டையில் பட்டுக் கொஞ்சம் ஓரமாகப் போனால் "ஐயோ" என்பார்கள். ஃபீல்டர் பொறுக்கி எடுத்ததும் பெருமூச்சு. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மாமா எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். ஒன்றும் நடக்காமல் இருப்பதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

என் நண்பன் கையில் பிசிக்ஸ் ரெக்கார்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி. தாள் பூராவும் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். வெயில் ஏறியது. தொண்டை வறண்டது. "ரெண்டு நிமிஷம்டா, புள்ளி வச்சுண்டிரு" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டுக் கோலி சோடா குடிக்கப் போனான்.

அவன் போனதும் அந்த ஒரு ரன் வந்தது.

தொடர்ச்சியாக 21 மெய்டன் ஓவர்கள். பந்துக் கணக்கில் 131. அதற்கப்புறம் ஒரே ஒரு ஒற்றை ரன். ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று சத்தம் போட்டது. சந்தோஷமா துக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நண்பன் ஓடி வந்தான். "என்னடா சத்தம்?" "ஒரு ரன் போயிடுத்துடா." அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஏதோ வீட்டில் திருட்டுப் போன மாதிரி உட்கார்ந்தான். "ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனேடா" என்று மட்டும் சொன்னான்.

அந்த இன்னிங்ஸில் நட்கர்னியின் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. மேட்ச் டிரா. அந்த வருஷம் ஐந்து டெஸ்ட் ஆடினார்கள், ஐந்தும் டிரா. நட்கர்னி 2020 ஜனவரியில் காலமானார். பத்திரிகைகள் எல்லாம் அந்த 21 ஓவரைத்தான் எழுதின. டெஸ்டில் 88 விக்கெட் எடுத்தவர் அவர். சதமும் அடித்திருக்கிறார். ஆனாலும் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது ஒன்றும் நடக்காத அந்த மத்தியானத்துக்காக.

அந்தக் கோலி சோடாவைச் சொல்லி நான் அவனை அறுபது வருஷம் கேலி செய்திருக்கிறேன். அவன் கல்யாணத்தில் சொன்னேன். அவன் பெண் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற நாளில் அவன் ஆபீஸ்காரர்களிடம் சொன்னேன்.

பின்னாளில் ஒரு விஷயம் படித்தபோது, இவன் கொஞ்சம் பெரிய ஜாதியைச் சேர்ந்தவன் என்று தெரிந்தது. அதாவது, முக்கியமான நேரத்தில் எழுந்து போகிறவர்கள் ஜாதி. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம். அங்கே 1927இல் பார்னெல் என்ற பௌதிகப் பேராசிரியர், கல் மாதிரி கெட்டியாக இருக்கும் தாரும் உண்மையில் ஒரு திரவம்தான் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார். தாரைச் சூடாக்கி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றி, அது படிய மூன்று வருஷம் விட்டுவிட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழ எட்டு வருஷம். அன்று முதல் 2014 வரைக்கும் மொத்தம் ஒன்பது சொட்டு.

1961இலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் ஜான் மெயின்ஸ்டோன். 1979இல் ஒரு சொட்டு விழும் போலிருந்தது. வார விடுமுறையில் வீட்டில் இருந்துவிட்டார், விழுந்துவிட்டது. 1988இல் கூடவே நின்றார். ஏதோ குடிக்கலாம் என்று ஐந்து நிமிஷம் வெளியே போனார், விழுந்துவிட்டது. (சோடாவா என்று தெரியவில்லை.) 2000இல் வெளியூரில் இருந்தார், பரவாயில்லை, காமிரா இருக்கிறதே என்றிருந்தார். காமிரா கெட்டுப்போயிருந்தது. 2013 ஆகஸ்டில் அவர் காலமானார். அடுத்த சொட்டு 2014 ஏப்ரலில். ஐம்பத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவர் ஒரு சொட்டுகூட விழுந்து பார்க்கவில்லை. நம்ம பௌதிக லேபில் பாகுநிலைச் சோதனையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு கான்டீனுக்கு ஓடினவர்கள் தயவுசெய்து இதை யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்ததும் அவனுக்குப் போன் பண்ணி, "உனக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு அண்ணா இருந்திருக்கார்டா" என்றேன். திட்டினான். நன்றாகத் திட்டுவான் அப்போதெல்லாம்.

2023 அக்டோபரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையில் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. பதில் வாயில் வரவில்லை. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்றால் யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். தினம் சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து மாட வீதிக்கு நடந்து போய், அவன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "சொல்லுடா, என் பேர் சொல்லு. ம்... சொல்லு பார்ப்போம்." பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அவள் போனதும் அதே அட்டைகளை நான் காட்டுவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் இடது கையால் அட்டையைத் தட்டிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல. அவனுக்கு முயற்சியே இல்லை என்று அவன் மனைவியிடமே போய்ச் சொன்னேன்.

அவன் என்னைவிட நாலு மாதம் பெரியவன். அதனால் எனக்கு அவர் மன்னி. காபியை நீட்டிக்கொண்டே மன்னி மெதுவாகச் சொன்னார்: "அவரையே பாத்துண்டிருக்காதீங்கோ. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு அவருக்கு. ரெண்டு பேரும் சேந்து குளத்தைப் பாருங்கோளேன்."

அவர்கள் வீட்டு இரண்டாம் மாடியிலிருந்து கபாலி கோயில் குளம் முழுசாகத் தெரியும். மறுநாளிலிருந்து நாற்காலி இரண்டையும் திருப்பிப் போட்டோம். அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. எதிரே குளம், நடுவில் நீராழி மண்டபம்.

குளத்தில் என்ன நடக்கும் என்கிறீர்கள்? கொக்கு ஒன்று நிற்கும். அரை மணி கழித்தும் நிற்கும். யாராவது பொரி போட்டால் மீன் வரும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்திருந்த நேரம். மழை பெய்த மறுநாள் தண்ணீர் ஒரு படி ஏறியிருக்கும், அல்லது அரைப் படி. இந்தக் குளம் காய்ந்து கட்டாந்தரையாகிப் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய வருஷங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் மயிலாப்பூர்க்காரனுக்கு ஒரு படி தண்ணீர் என்பது சாதாரண விஷயம் இல்லை. நான் போய் உட்கார்ந்ததும் அவன் இடது கை விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் ஒரு படி முழுகிவிட்டது. விரலை மடக்கிக் காட்டினால் அரைப்படி. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்து, "இல்லைடா, கால் படிதான்" என்பேன். தலையை ஆட்டி மறுப்பான். ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். நார்வேக்காரன் விறகுப் பட்டை தோற்றது.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்ததே, தெருவெல்லாம் தண்ணீர் நின்று மூன்று நாள் என்னால் போகமுடியவில்லை. நாலாம் நாள் போனால் குளத்தில் நாங்கள் அடையாளம் வைத்திருந்த படிகள் எதையும் காணோம். ஊருக்கே எவ்வளவோ கஷ்டம். எங்களுக்கு இது ஒரு கஷ்டம். அவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, கையைத் தொப்பென்று மடியில் போட்டான். ஒரே ராத்திரியில் ஏறினால் அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்பது அதற்கு அர்த்தம். அப்புறம் வெயில் வந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும்தான் எங்களுக்கு மறுபடி உயிர் வந்தது.

2024 ஜனவரி 25 தைப்பூசம். மூன்று நாளும் தெப்பம். விளக்கலங்காரத்தோடு தெப்பம் கிளம்பினால், கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க இழுக்க, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் நீராழி மண்டபத்தைச் சுற்றும். வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றைக்காவது ஒரு வார்த்தை வந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான். மூன்று நாளும் தெப்பத்தைப் பார்க்கிற சாக்கில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை இல்லை, உற்சவம் இல்லை, கொக்குகூட இல்லை. மன்னி வெற்றிலை வாங்கி வரச் சொன்னார் என்று கீழே இறங்கிப் போனேன். கடைக்காரர் சில்லறை தேடினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மாடிக்கு வந்தால், மன்னி கையில் டவராவோடு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நிற்கிறார். நாலு மாதமாகச் சர்க்கரை இல்லாத காபியைப் பேசாமல் குடித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு டவராவைத் தள்ளி, "சக்கரை" என்றானாம்.

நாலு மாதம் தினமும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வருத்தமில்லை என்றால் அது பொய். "இன்னொரு தரம் சொல்லுடா" என்றேன். சொல்லவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து நாற்காலியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். முதல் எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"கோ...லி... சோ...டா."

வர ஜனவரியிலிருந்து என்னைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு என்று மன்னி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறான். பாதி திட்டு. கொஞ்ச நேரமாக இடது கையைத் தூக்கிப் பத்து விரலுக்குப் பதில் ஐந்தை இரண்டு தடவை காட்டிக்கொண்டிருக்கிறான். செயலாளர் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்கிறான்.

ஒரு அறிவிப்பு மட்டும். வருகிற தைப்பூசத் தெப்பத்துக்கு அவன் வீட்டு மாடியில் ஆறு நாற்காலி போட இடம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்குப் போக நாலு. நம் வகுப்புக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். லிஃப்ட் கிடையாது, முழங்காலைக் கேட்டுக்கொண்டு வரவும். மன்னி காபி தருவார். சர்க்கரை வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டும்.